வெயிலில் விரித்த கண்ணாடிகள்

பெண்பிள்ளை பௌதிகம் படித்து வானத்தையா வில்லாக வளைக்கப் போகிறாள் என்று தூத்துக்குடியில் எங்கள் சொந்தக்காரர்கள் அப்பாவிடம் கேட்பார்கள். "ஆமா, வளைக்கத்தான் போறேன். ஒரு பக்கம் வந்து பிடிக்கியளா?" என்று உள்ளேயிருந்து நான் கத்துவேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த அப்பா சிரிப்பார். அம்மா போன பிறகும் என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் அவர்தான்.

சுதந்திரம் வந்த வருஷம் படிப்பு முடிந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். எனக்கோ சென்னை ஆய்வுக்கூடத்தில் ஒரு வாக்கு கிடைத்திருந்தது. தெற்கே கடற்கரையிலிருந்து நான் பலூன் விட்டு, அதில் போய்வரும் தட்டுகளில் சொல்லும்படியாக ஏதாவது பதிந்திருந்தால், ஆராய்ச்சிக்கு என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்பாவிடம் சொன்னேன். ஒரு பொழுது முழுக்க யோசித்தார்.

"பலன் வந்தா நீ மெட்ராசுக்குப் போ. அவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். வரலன்னா மறுபேச்சு இல்லாம கழுத்த நீட்டிரணும். சம்மதமா தாயி?"

சம்மதம் என்றேன். அப்பா சொன்ன சொல் மாறினார் என்று ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நானும் வாக்குக் கொடுத்தேன்.

காஸ்மிக் கதிர்கள் என்று பெயர். எங்கிருந்தோ, சூரியனுக்கும் அப்பாலிருந்து, இரவு பகல் என்று பாராமல் பூமியின் மேல் விழுந்துகொண்டே இருப்பவை. இதைப் படிக்கிற உங்களுடைய உடம்புக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன. எந்த நட்சத்திரம் வெடித்து வருகின்றன, யார் அவற்றுக்கு அத்தனை வேகம் கொடுத்தது, ஒன்றும் தெரியாது. எதனால் ஆனவை என்பதே அப்போது தீராத வழக்காக இருந்தது. எல்லாம் ஹைட்ரஜனின் கருக்கள்தானா, அல்லது இரும்பு மாதிரி கனத்த பொருள்களின் கருக்களும் கலந்து வருகின்றனவா? தரையில் நின்று பார்த்தால் பிடிபடாது. வருவது வந்தபடி வருவதில்லை. மேலே காற்றில் மோதிச் சிதறி, அதன் சிதறல்தான் நமக்கு வந்து சேர்கிறது. அதனால் சிதறுமுன் பிடிக்க வேண்டும், மிக உயரத்தில்.

அதற்குத்தான் கண்ணாடித் தட்டுகள். போட்டோ எடுக்கும் தட்டுகளைப் போலத்தான், மருந்துப் பூச்சு மட்டும் தடிமன். கதிர் பாய்ந்தால் பூச்சுக்குள் கோடு விழும். மாவில் எள் விழுந்த தடமும் புளியங்கொட்டை விழுந்த தடமும் ஒன்றாக இருக்குமா? அப்படித்தான், கனத்த கரு வந்தால் கோடு தடித்திருக்கும். அந்தத் தடித்த கோட்டைக் காணத்தான் நான் தவம் கிடந்தேன். தட்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் அடைத்து, மெழுகால் மூடினேன். இருட்டறையில் கழுவும்வரை ஒரு கண் சிமிட்டும் நேரம் வெளிச்சம் பட்டாலும் போச்சு. கப்பலில் வந்த தட்டுகள் அந்த ஒரு கட்டுத்தான். அடுத்தது எப்போது வரும் என்று சென்னையில் கேட்டால் கையை விரித்தார்கள்.

மறு வருஷம் மாசி மாதம், உப்பளங்களைத் தாண்டி ஒரு வெட்டவெளியில், கடைப் பையன்களை வைத்துக்கொண்டு காலையில் பலூன்களில் டின்னைக் கட்டி ஏற்றினேன். மேற்கே பனங்காட்டுப் பக்கம் போய் விழும் என்று கணக்கு. மேலே போனதும் காற்று வேறு மாதிரி வீசியிருக்கிறது. எல்லாம் கடலைப் பார்த்துப் போய்விட்டன. "வெளங்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டின்னின் மேல் எங்கள் கடை விலாசத்தை எழுதி, 'திறக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் மத்தியானம் கடற்கரையிலிருந்து ஓர் ஆள் கடைக்கு ஓடி வந்தான். "அண்ணாச்சி, ஒங்க பெட்டி கெடைச்சிட்டு. சம்மாட்டி கையோட கூட்டியாரச் சொன்னாரு."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டி கட்டச் சொல்லி, அப்பாவையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். கரையை நெருங்கும்போது தூரத்தில் மணலில் கூட்டம் வட்டமாக நிற்பது தெரிந்தது. நடுவில் வரிசையாக என்னவோ பளபளவென்று மின்னியது. வண்டியிலிருந்தபடியே எனக்கு விளங்கிவிட்டது.

வெள்ளை வேட்டி ஒன்றை மணலில் விரித்து, அதன்மேல் என் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பியிருந்தார்கள். உச்சி வெயில். கறுப்புத் தாள்களைக்கூடக் கிழிக்காமல் பிரித்து, மடித்து, கல் வைத்திருந்தார்கள். தோணிக்காரரான சம்மாட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தார்.

"எண்ணிப் பாத்துக்கிடுங்கம்மா. ஒன்னும் கொறையல. எல்லாரு கண்ணு முன்னாலயும்தான் தொறந்தோம்."

முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. சங்கு எடுக்கத்தான் கடலுக்குப் போனார்கள். ஆனால் முத்துக் காலத்துக் கட்டுப்பாடு அவர்களிடம் மாறவில்லை. கடலடியில் கிடைத்த எதையும் கரைக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்கத் திறக்க வேண்டும். மூடியே கைமாற்றினால் மூடியவன் கள்ளன். திறக்கக் கூடாது என்று நான் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர் படித்தும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான், அப்படியானால் கட்டாயம் திறந்து காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

டின்னை முங்கி எடுத்தவன் இளவயது குளியாளி ஒருவன். போன வருஷம் சங்கோடு வந்த சிப்பியை இவன் தனியே பிளந்து முத்தை விழுங்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பி, யாரும் இவனைத் தோணியில் ஏற்றாமல் பட்டினி போட்டிருந்தார்கள். இந்தச் சம்மாட்டிதான் இரக்கப்பட்டு அழைத்துப் போனவர். இதையெல்லாம் அவரே சத்தமாகச் சொன்னார், கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று. அவன் ஈரத் துணியோடு, சோதனை போட்டு முடித்த கைகளை உடம்பிலிருந்து தள்ளி விரித்தபடி நின்றான்.

"வெறுங் கண்ணாடியவா இத்தன பாடுபட்டு வானத்துல ஏத்துனாவ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "உள்ள வேற என்னமோ இருந்திருக்குலே."

"அதுக்குத்தான் ஒடமக்காரிய வரச் சொன்னது," என்றார் சம்மாட்டி. "அம்மா, எல்லாம் சரியா இருக்கான்னு ஒங்க வாயால சொல்லிருங்க."

அடப் பாவிகளா, என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு எண்ணிப் பார்க்கவா சொல்கிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவனைப் பார்த்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் பட்டால் பாழாகும் பொருளும் உலகத்தில் உண்டு என்று அந்த மணலில் நின்று யாருக்கு நான் விளக்குவேன்? பாழாகிவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பாவம் அவன் தலையில்தான் விடியும்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றேன். "ஒரு குறையும் இல்ல."

"கேட்டியளா எல்லாரும்?" என்று சம்மாட்டி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவன் "மாதாவே" என்று மணலில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தட்டுகளை மறுபடி கறுப்புத் தாளில், ஒரு கீறல் விழாமல், பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றுவதுபோல் சுற்றிக் கொடுத்தார்கள்.

வண்டியில் ஏறியதும் அழுதேன். அப்பா பதறிப்போனார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஏன் அங்கன சொல்லல?"

"சொன்னா அவன என்ன செய்வாவ?"

எனக்கு நப்பாசை விடவில்லை. பூச்சுப் பக்கம் கவிழ்ந்து கிடந்த ஒன்றிரண்டாவது தப்பியிருக்காதா என்று ஊரில் தெரிந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு வண்டியை விடச் சொன்னேன். இருட்டறையில் நானே கழுவினேன். கழுவக் கழுவ ஒவ்வொன்றும் சட்டிக் கரியாக வந்தது. கடைசித் தட்டும் அப்படியே. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற அப்பா ஒன்றை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒன்னும் தெரியலையேம்மா."

"எல்லாம் அதுலதான்ப்பா இருக்கு. அதுக்கு மேல வெயிலும் விழுந்துட்டு."

கோடிக்கணக்கான மைல் கடந்து வந்தது எதுவோ அந்தக் கரிக்குள் கிடந்தது. ஹைட்ரஜனா, இரும்பா, எனக்குத் தெரியாது. அதே வருஷம் வெளிநாட்டில் வேறு யாரோ பலூன் விட்டு, கனத்த கருக்களும் வருகின்றன என்று கண்டுவிட்டார்கள். எங்கிருந்து வருகின்றன என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. நான் மறுபடி ஒரு தட்டையும் கழுவவில்லை.

அப்பா தட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் தலையில் கை வைத்தார். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ செஞ்சதுதான் தாயி சரி. ஒரு உசிர காப்பாத்திட்ட," என்றார். "கொழும்புக்காரவுகளுக்கு நாளைக்கு ஆள் விடுதேன். சொன்னது சொன்னதுதான, என்ன?"

அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"கள்ளன் கையில கெடைச்சிருந்தா தொறக்காம இருட்டுல ஒளிச்சு வச்சிருப்பான்ப்பா. நான் தப்பிச்சிருப்பேன். நாணயக்காரங்க கையில மாட்டிக்கிட்டேன்."

அப்பாவின் கண் கலங்கியது. ஆனாலும் மறுநாள் காலையில் ஆள் போனான். வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது.