அழிக்காமல் விட்ட கணக்கு

கிண்ணியாவில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பதினொரு வருடமாகக் கூட்டுகிறாள் பரீனா. போரில் குடும்பம் இடம்பெயர்ந்த வருடம், ஆறாம் ஆண்டோடு அவளுடைய படிப்பு நின்றுபோனது. மிச்சத்தைக் கரும்பலகைகளில்தான் படித்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, எழுதியிருப்பதை முதல் வரியிலிருந்து வாசிப்பாள். விளங்கின பிறகுதான் டஸ்டரை எடுப்பாள். அப்படியே எட்டாம் ஆண்டுக் கணக்கு வரைக்கும் வந்துவிட்டாள். யாருக்கும் சொன்னதில்லை.

தை மாதம் எட்டாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்ட் வந்தது. கரும்பலகையைக் கழற்றி வகுப்புக்கு வெளியே விறாந்தையில் சாத்திவைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே புழுகம், துள்ளிக் குதித்தார்கள். முக்கோணம் தானாகச் சுழன்று காட்டியது. கடைசி வரிசை வாங்கில் இருந்தவர்களும் கை உயர்த்தினார்கள். யன்னலால் பார்த்த பரீனாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பின்னேரம் விளக்குமாறோடு உள்ளே போனால், வெறும் கறுப்புக் கண்ணாடி. அதில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

ஒரு மாதம் பொறுத்து, கணக்குப் படிப்பிக்கும் சுஹைரா டீச்சரிடம் வாய் திறந்தாள்.

"டீச்சர், போர்ட்டை நிப்பாட்டாம விட்டுட்டுப் போக ஏலாதா?"

"சூடாகிப் பழுதாகிடும் ராத்தா. பாடமெல்லாம் வட்ஸப் குரூப்பில போட்டிருக்கு. ஆருக்கு?"

"மதினிட மகளுக்கு." மதினிக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள்.

"அப்ப நம்பரைத் தாங்க, சேர்த்துவிடுறன்."

பரீனா தன்னுடைய நம்பரைச் சொன்னாள். டீச்சர் தன் போனில் தட்டிப் பார்த்தார்.

"இதில வட்ஸப் இல்லையே. பட்டன் போனா?"

"ஓம்," என்றுவிட்டு பரீனா வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கரண்ட் போனது. டீச்சர் பிள்ளைகளை விறாந்தைக்குக் கூட்டிவந்து, பழைய பலகையில் எழுதத் தொடங்கினார். 3x + 5 = 20. அதன்கீழே, 3x = 15. அவ்வளவில் கரண்ட் வந்துவிட, பிள்ளைகள் கூவிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பின்னேரம் பரீனா டஸ்டரோடு அந்தப் பலகையின் முன்னால் நின்றாள். கீழே கிடந்த வெண்கட்டித் துண்டை எடுத்து, x = 5 என்று எழுதினாள். மூவைந்து பதினைந்து, ஐந்தைக் கூட்ட இருபது. பிழையில்லை. என்றாலும் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட ஆள் வேண்டும் போலிருந்தது. அன்று மட்டும் அழிக்காமல் கதவுகளைப் பூட்டினாள்.

காலையில் வழக்கத்தை விட முந்தி வந்தாள். மூன்று வரிகளும் அப்படியே இருந்தன. சுஹைரா டீச்சர் போனைப் பார்த்தபடி பலகையைக் கடந்து வகுப்புக்குள் போனார்.

இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று பரீனா டஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டாள்.