தபால்தலை அளவில் ஒரு வடிகட்டி

எங்கள் அக்கா செய்வது வடிகட்டி. டீ வடிகட்டி இல்லை. செல்போன் கோபுரத்தில் ஏற்றும் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, வேண்டிய அலைவரிசையை மட்டும் போகவிட்டு, அதற்கு மேலே வருகிற வேண்டாத இரைச்சலை வாசலிலேயே நிறுத்தும் மைக்ரோவேவ் வடிகட்டி. பார்த்தால் ஒன்றும் இருக்காது. போர்டில் ஒரு செம்புக் கோடு, ஓரிடத்தில் முடி மாதிரி மெலிசு, அடுத்த இடத்தில் அகலப் பட்டை, அவ்வளவுதான். இதற்கா மூன்று மாதம் என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. நான் அதே லேபில் சால்டரிங் வைக்கிறவள். சரிவராமல் போன பதினோரு போர்டுகளும் என் கைவழியாகத்தான் போயின.

அக்காவின் மாமியாருக்கு இது எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. மருமகள் டீ வடிகட்டி செய்கிறாள் என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அக்காவும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

பெட்டியைச் சிறிதாக்கியதில் வடிகட்டிக்குக் கிடைத்தது தபால்தலை அளவு இடம். நீளமாகப் போன கோட்டை மடக்கி மடக்கி அக்கா அதற்குள் அடைத்தாள். மேனேஜர் பார்த்துவிட்டு, இது வடிகட்டின முட்டாள்தனம் என்றார். என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைக்கவில்லை. நாங்கள் மேஜைக்கு அடியில் தலையை விட்டுச் சிரித்தோம். அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சரியாக வராவிட்டால் வெளியிலிருந்து ரெடிமேடாக வாங்கிவிடுவார்களாம். அக்காவின் மூன்று மாதமும் டிராயருக்குள் போகும்.

வெள்ளி, மூன்று மணி, பன்னிரண்டாவது போர்டு. அளக்கும் கருவியின் திரையில் ஓடிய கோடு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கே தப்பு என்று முனகிக்கொண்டே அக்கா மூன்றாவது பட்டையின் மேல் விரலை வைத்தாள். திரைக் கோடு சட்டென்று சரியான இடத்துக்கு வந்தது. விரலை எடுத்தாள், பழையபடி ஆனது. வைத்தாள், சரியானது. எடுத்தாள், போச்சு.

“அக்கா, உன் விரலையும் சேத்து பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிடலாமா?”

“வாயை மூடிட்டு செம்பு டேப்பை வெட்டுடி.”

அந்தப் பட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். விரல் சொன்னது அதைத்தான். சுற்றிலும் இடமில்லை, ஆனால் மடக்கிய கோட்டின் வளைவுக்குள் ஓர் அரிசி அளவு இடம் சும்மா கிடந்தது. இத்தனை நாளாக இருவரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பை அங்கே ஒட்டி சால்டர் வைத்தேன்.

திரையில் கோடு சரியான இடத்தில் இறங்கியது, கடைசிவரை தலை தூக்கவில்லை. தான் தொடவே இல்லை என்று காட்ட அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மேனேஜர் வந்து பெட்டியின் உலோக மூடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டோம், அப்படியே இருந்தது. ரெடிமேடு ஆர்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவரும் மடக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அக்கா காதில் சொன்னேன். சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்து தலைசுற்றும்வரை சுற்றினோம். அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து மாமியாரின் போன். வடிகட்டி ஜெயித்துவிட்டது, அதுவும் தபால்தலை அளவில் என்று அக்கா கத்தினாள்.

“அவ்ளோ சின்னதா? அதுல எத்தனை பேருக்கும்மா வடிக்க முடியும்?”

அக்கா சிரித்துச் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஊருக்கே வடிக்கலாம் அத்தை. இனிமே நீங்க பேசுறதுகூட இதுல வடிஞ்சுதான் வரும்.”

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்ப எனக்கு மட்டும் ஓட்டையை கொஞ்சம் பெருசா போடும்மா. நான் நிறைய பேசுவேன்.”