பிள்ளைக்கு அரைக்கிற மாவு

மாவு மில்லில் எதை அரைத்தாலும் சத்தம் ஒன்றுதான். ஆனால் கைப்பிள்ளைக்கு என்று யாராவது பையை நீட்டிவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். கோவில்பட்டிக்கு வெளியே பதினேழு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் மில் ஓட்டுகிறோம். தானியத்துக்கு ஒரு மிஷின், மிளகாய் வத்தலுக்கு ஒரு மிஷின். பிள்ளைக்கு முதல் கரண்டி ஊட்டிவிட்டு, வயிறு உப்புகிறதா, நாளைக்கு எப்படிப் போகும் என்று காத்துக் கிடந்தவர்களுக்கு என் பயம் புரியும்.

பதினெட்டுச் சாமான்

ஜவுளிக்கடை வீட்டு மருமகள் பாத்திமா, போனில் பார்த்துப் பதினெட்டுச் சாமான் வறுத்துக் கொண்டுவந்தாள். கேப்பை, கம்பு, மக்காச்சோளம், கறுப்பு உளுந்து, முந்திரி, பாதாம் என்று பை நிறைய. பிள்ளைக்கு அப்போதுதான் ஆறு மாதம் முடிந்திருந்தது. "ஒண்ணு ஒண்ணாக் குடு தாயி. மூணு நாளு பாரு. எல்லாத்தையும் சேத்துக் குடுத்தா எது ஒத்துக்கிடலைன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். அவள் கேட்கவில்லை. அரைத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் வந்தாள். பிள்ளைக்கு மூன்று நாளாக வெளியே போகவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது. நர்சம்மா அந்த மாவை நிறுத்தச் சொல்லிவிட்டார். மிச்சத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவிய கஞ்சி காய்ச்சிக் குடிச்சாவ அக்கா. இப்ப அவியளுக்கும் போவலையாம்."

முதல் இரண்டு கை

பிள்ளை மாவு அரைக்குமுன் ஒரு படி அரிசியை மிஷினில் ஓட்டித் தள்ளிவிடுவேன். அதன் பிறகு பிள்ளையின் தானியத்தில் வருகிற முதல் இரண்டு கை மாவையும் ஒதுக்கிவிடுவேன். முன்னால் அரைத்தது எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதே. பார்க்கிறவர்களுக்கு நான் மாவைத் திருடுகிறமாதிரி இருக்கும்.

முத்துலட்சுமிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். ஏழு மாதப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முளைகட்டி நிழலில் உலர்த்திய கேப்பையோடு வந்தாள். இன்னும் இரண்டு வாரத்தில் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் பிள்ளை மதியக் கஞ்சிக்குப் பழகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நான் ஒதுக்கிய மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத ஏன் அங்கன தள்ளுதீங்க? ஒவ்வொரு கையும் எம்பிள்ளைக்கு ஒரு நேரத்துக் கஞ்சி, அத்தை."

பெல்ட் அறுந்த நாள்

அந்தக் கேப்பை பிள்ளைக்கு நன்றாகச் சேர்ந்தது. துணியில் வடிகட்டி நீர்க்கக் கொடுக்க ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை வேலை. சனிக்கிழமை இரண்டாவது பையோடு வந்து நின்றாள். அன்றைக்குப் பார்த்து, தானிய மிஷினின் பெல்ட் அறுந்து கிடந்தது. வீட்டுக்காரர் புதுசு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். முத்துலட்சுமி பஸ் வருகிற திசையையே பார்த்தாள்.

வத்தல் மிஷினைத் துடைத்தேன். வழக்கமான ஒரு படிக்குப் பதிலாக மூன்று படி அரிசி ஓட்டினேன். மாவை நாக்கில் வைத்துப் பார்த்தேன், காரமே இல்லை. அரைத்துக் கொடுத்துவிட்டேன். எந்த மிஷின் என்று அவள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். நாக்கில் வைத்துப் பார்த்தேனே என்றேன். அவர் புதுப் பெல்ட்டைக் கீழே வைத்தார்.

"பதினேழு வருசமா வத்தத் தூசியத் தின்ன நாக்கு. அது என்னத்தச் சொல்லும் ஏட்டி?"

செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமையே பசுவந்தனைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில், வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் பிள்ளையோடு மில்லுக்கு வந்தாள். பிள்ளை கரண்டியைக் கண்டாலே அலறுகிறது. சளி சளியாகப் போகிறது. தொடையிடுக்கு செக்கச்செவேலென்று புண்ணாகிக் கிடந்தது. முளைகட்டத் தெரியாதவள் என்று மாமியார் ஏசியிருக்கிறாள். "முளை கூடிப்போச்சா அத்தை? நான் கழுவுனது பத்தலையோ?" என்று என்னிடமே கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். மில்லைப் பூட்டிவிட்டு அவளோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுங்கள், வயிறு சரியான பிறகு பழையபடி நீர்க்க ஆரம்பியுங்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது பஸ்ஸில் முத்துலட்சுமி பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைத்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"மாவு கெட்டதக்கூட விட்டிரலாம் அத்தை. ரெண்டு நாளா நான் என் கையத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன், நீங்க தெரிஞ்சிக்கிட்டே இங்கன இருந்திருக்கீங்க."

எரியுதா

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பதினைந்து நாள் கழித்து வந்தாள். பிள்ளை தேறிவிட்டது. ஆபீஸில் இன்னும் ஒரு வாரம்தான் பொறுப்பார்களாம். அதுவரை வீட்டிலேயே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தானிய மிஷினில் அரிசி ஓட்டினேன், கேப்பையைப் போட்டேன், முதல் இரண்டு கையை ஒதுக்கினேன். இந்தத் தடவை அவளே ஒதுக்கச் சொன்னாள்.

பழக்கத்தில் ஒரு சிட்டிகையை வாய்க்குக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்த மாவைத் தண்ணீரில் குழைத்து, தன் ஆள்காட்டி விரலில் தீப்பெட்டி அட்டை கிழித்த பச்சைப் புண்ணில் வைத்துத் தேய்த்தாள். மிஷின் நின்றுவிட்டது. இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எரியல. பையில அள்ளுங்க அத்தை, பிள்ளை பசியோட கிடக்கா."

இப்போதெல்லாம் பிள்ளைக்கு அரைக்க யார் வந்தாலும் கையில் புண் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். வந்தவர்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள்.