பொட்டு வைத்த ரிப்

தேனி பைபாஸில் எங்கள் மெஷின் ஷாப். தரப் பரிசோதனை என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விமான இறக்கைக்குள் எலும்பு மாதிரி குறுக்கே நிற்கும் பாகம்தான் ரிப். வழக்கமாகத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்ப்பார்கள். வரப்போகிற விமானங்களுக்கு ஒரே அலுமினிய பிளேட்டைக் குடைந்து, எடையும் செலவும் குறைத்துச் செய்ய முடியுமா என்று பெங்களூர் கம்பெனி ஒன்று எங்களிடம் சோதனை வேலை கொடுத்தது. அவர்கள் கொடுத்த பிளேட் ஒன்றுதான். ரிப் தேறினால் தொடர்ந்து ஆர்டர்.

மெஷினில் நின்றது கம்பத்துக்காரி முத்துலட்சுமி. மெல்லிய சுவர்கள் அதிராமல் பதமாக வெட்டி முடித்தாள். வெள்ளிக்கிழமை பூசையில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவள், சந்தோஷத்தில் ரிப்புக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் துடைத்தால் அடியில் மங்கலாகக் கறை. குங்குமத்தில் சுண்ணாம்பு சேரும். அது அலுமினியத்தை அரிக்கும். எவ்வளவு ஆழம் என்று பார்க்க எங்களிடம் கருவி இல்லை. கத்தித் தீர்த்தேன்.

முதலாளி சமாதானம் சொன்னார்.

"இது பறக்கப் போறதில்லையேண்ணே. எடை ஏத்தி ஒடைக்கத்தான கேக்குறாக?"

நான் விடவில்லை. "எதனால ஒடஞ்சுச்சுன்னு தெரியணும்ல. கறையால ஒடஞ்சா, இந்த முறையே ஆகாதுன்னு ஒதுக்கிப்புடுவாக."

முத்துலட்சுமி சிவப்பு மார்க்கரை எடுத்து, தான் செய்த ரிப்பின் மேல் கழிவு என்று தானே பெருக்கல் குறி போட்டாள். என்னால் பார்க்க முடியவில்லை.

பெங்களூருக்கு உள்ளதைச் சொல்லிப் போன் செய்தோம். இன்னொரு பிளேட் வர மாதக்கணக்காகும், காத்திருக்க முடியாது என்று வேலையை, அதே பிளேட் கையிருப்பு இருந்த வேறு ஊர் ஷாப்புக்குக் கொடுத்தார்கள். கழித்த ரிப்பையும் வாங்கிப் போனார்கள்.

சில மாதம் கழித்து அந்தக் கம்பெனி இன்ஜினியர் கூப்பிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் ரிப்பையும் சோதித்தார்களாம். கேட்ட எடை முழுவதையும் தாங்கிவிட்டு, அதற்குமேல்தான் உடைந்ததாம், அதுவும் வேறிடத்தில். கறை ஒன்றுமே செய்யவில்லை.

முத்துலட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்று அரைநாள் தவித்தேன். சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு நின்றாள். கண் கலங்கியது. பொட்டைத் துடைத்ததோடு விட்டு, ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருக்கலாமோ என்று நான்தான் வாய்விட்டுப் புலம்பினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை அவளே அப்போது சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு அது நமக்குத் தெரியாதுல்ல சார்."