பொன்னாயி வீட்டுப் புகை

பொன்னாயி அக்கா வீட்டில் ஒரே அடுப்பை நான் இரண்டு தடவை கட்டினேன். முதல் தடவை கட்டியதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மண் கலவை கேட்கிறார்கள், எத்தனை செங்கல் பிடிக்கும் என்று கேட்கிறார்கள். எல்லாம் சொல்கிறேன். கூடவே இதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சரசு, ஊர் முள்ளுக்குறிச்சி. இருபது வருஷம் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தேன். எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொட விட்டதில்லை. புகையில்லா அடுப்பு கட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். பத்தே நாளில் கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. இப்போது முட்டி தேய்ந்து மலை ஏறுவது குறைந்துபோனது. வாய் மட்டும் குறையவில்லை என்கிறார் என் வீட்டுக்காரர்.

1. மேகத்துக்குள் வீடு

அது கார்த்திகை மாதம். மலை மேலே சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே இருக்கும் பழக்கடை கண்ணுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் பேசுவது மட்டும் கேட்டது. பனி அப்படி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து முருகேசன் வண்டியோடு வந்தார். பொன்னாயி அக்காவின் ஒரே மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தேவனூர் நாட்டுப் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு. ராசிபுரத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பீடியே தொடாத பெண்ணுக்கு பீடி குடிப்பவரின் நெஞ்சு என்றாராம். அடுப்புப் புகை நின்றே ஆக வேண்டும். திருப்பூருக்கு வா என்றால் அம்மா வரமாட்டேன் என்கிறது. சரி, அடுப்பை மாற்றிப் பார்ப்போம் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

“தை முடியறதுக்குள்ள மூச்சு சரியாவலைன்னா ஊட்டப் பூட்டிருவேனுங்க. அம்மா அழுதாலும் சரி, கூட்டிட்டுப் போயிருவேன்” என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தேன். பனி உள்ளே வந்துவிட்டதா, இல்லை புகைதானா என்று முதலில் பிடிபடவில்லை. நடுவீட்டில் மூன்று கல் அடுப்பு. அதற்கு நேர் மேலே பரண். பரணில் கட்டுக்கட்டாக எதுவோ தொங்கியது, எல்லாம் கரி அப்பிக் கன்னங்கரேலென்று இருந்தது. புகைக்கு நடுவில் ஒரு உருவம் எழுந்து வந்து, “வாங்க அம்மிணி” என்றது. பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம்.

வெல்லக் காப்பி கொடுத்தார். ஏன் அக்கா மகனோடு போகக்கூடாது என்று கேட்டேன்.

“நாம்போயிட்டா வெதைய ஆருங்க குடுக்கறது?” என்றார்.

அந்தச் சிற்றூரில் விதை வைத்திருக்கிற வீடு அது. மழை ஏமாற்றி யாருக்காவது விதை போய்விட்டால் பொன்னாயி அக்காவிடம்தான் முறத்தோடு வருவார்கள். கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பக்கூடாது என்பது அங்கே வழக்கம். சாமையும் மொச்சையும் இந்த மண்ணுக்குப் பழகினது, கடையில் வாங்குவது இந்தக் குளிரில் நிற்காது என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு டேப்பை எடுத்து இடத்தை அளந்தேன். காது இருந்து என்ன பிரயோஜனம்?

2. கட்டியது

புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கூடை சாமை உமி, சாணம். தண்ணீர் விட்டு மூன்று நாள் புளிக்க வைத்து மிதிக்க வேண்டும். விரலில் ஒட்டாமல் உருண்டை பிடிக்க வந்தால் பதம். அடுப்பு வாய் ஒரு சாண் அகலம் போதும். வாய் பெருத்தால் விறகைத் தின்றுகொண்டே இருக்கும். அடியில் கம்பிச் சட்டம் வைத்தால் காற்று கீழிருந்து ஏறித் தீ சுத்தமாக எரியும். பானை பாதி உள்ளே இறங்கி உட்கார வேண்டும், தீ அதன் இடுப்பைச் சுற்ற வேண்டும். முன்னால் பெரிய கண், பின்னால் அதே தீயின் சூட்டில் வேகிற சின்னக் கொடியடுப்பு.

மலைக்குச் சமையல் மட்டும் போதாது, குளிர் காயவும் வேண்டும். அதனால் கொடியடுப்பைத் தாண்டின புகையை நேரே வெளியே விடாமல் செங்கல் சுவர் ஒன்றுக்குள் திருப்பினேன். உள்ளே அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். அதற்குள் சூட்டை எல்லாம் சுவர் வாங்கிக்கொள்ளும். பிறகு குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். கரி வழிக்க, சுவரின் அடியில் கை நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டைகள்.

ஒரு வாரம் சுள்ளி போட்டு மெல்ல மெல்ல உலர்த்தினோம். அவசரப்பட்டால் வெடித்துவிடும். அந்த ஒரு வாரமும் நான் அங்கேயேதான் தங்கினேன். காலையில் எழுந்தால் மலையே இருக்காது, வெள்ளையாக இருக்கும். எங்கேயோ ஒரு மாடு கத்தும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பலாமரம் வரும், அப்புறம் வேலி வரும், அப்புறம்தான் உலகம் வரும். ஈரமண் வாசத்தில் கையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. சித்தாள் வேலையில் அப்படி உட்கார்ந்தால் மேஸ்திரி விடுவாரா?

சும்மா இருந்த கையோடு ஒரு காரியம் செய்தேன். பரணில் இருந்த கட்டுகளை இறக்கி, கரியையும் ஒட்டடையையும் தட்டி, துணியால் துடைத்து, பளிச்சென்று திரும்ப ஏற்றினேன். அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன் என்று அவரை அடக்கிவிட்டேன்.

முழுத் தீ போட்ட நாள், அடுப்பு வாயில் காகிதத்தைக் கொளுத்திப் பிடித்து, புகையை உள்ளே இழுக்கிறதா என்று இழுவை பார்த்தேன். ஜுவாலை சட்டென்று உள்ளே மடங்கியது. அரைமணியில் சுவர் வெதுவெதுத்தது. வீட்டுக்குள் துளி புகை இல்லை. அக்கா கூரை மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“எங்கூட்டு வளையை இன்னிக்குத்தானுங்க நல்லாப் பாக்கறேன்” என்றார்.

வெளியே வந்து பார்த்தேன். குழாய் உச்சியில் புகை எது, பனி எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

3. கூரை புகைந்தது

தை முடிந்தது. முருகேசன் போனில் கும்பிடாத குறை. அம்மா நெஞ்சில் விசில் சத்தம் இல்லையாம், வீட்டைப் பூட்டுகிற பேச்சும் இல்லை. நானும் பத்து நாளைக்கு ஒரு தடவை அக்காவுக்குப் போன் போடுவேன். அடுப்பு எப்படி என்பேன். “நல்லாருக்குதுங்க” என்பார். அத்தனை தடவையும் அதே பதில்.

மாசிக் கடைசியில் முதல் கரி வழிக்கப் போனேன். காலைப் பனி இன்னும் கலையவில்லை. வேலியருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. புகை குழாயில் வரவில்லை, ஓட்டுக்கூரை இடுக்கெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. என் சுவர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

சுவர் வெடிக்கவில்லை. என் அடுப்பு சுத்தமாக, சில்லென்று கிடந்தது. நடுவீட்டில் பழைய மூன்று கல்லும் திரும்ப வந்திருந்தன. பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா பக்கத்தில் குந்தியிருந்தார். நெஞ்சு மறுபடி விசிலடித்தது.

எனக்கு வந்ததே கோபம். செம்புத் தண்ணீரை எடுத்துத் தீயில் ஊற்றினேன். சாகத் துணிந்துவிட்டீர்களா, மகன் பாடுபட்டது வீணா, நான் இங்கே மண்ணை மிதித்தது வீணா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் மெல்ல எழுந்தார். உள்ளே போய் முறத்தில் கொஞ்சம் மொச்சையை அள்ளி வந்து என் முன்னால் வைத்தார்.

ஒவ்வொரு மொச்சையிலும் ஒரு ஓட்டை. ஊசியால் குத்தினது போல. நான் கையில் எடுத்ததும் ஒன்றிலிருந்து வண்டு நகர்ந்து வெளியே வந்தது. சாமைக் கட்டு ஒன்றை மோந்து பார்த்தேன், ஈரவாடை.

“பொகை படிஞ்சு கரி ஏறுனாத்தானுங்க வண்டு அண்டாது. பனி ஈரமும் ஏறாது. அதான் தெனம் ஒரு நாழி மட்டும் போட்டுக்கறேன்” என்றார்.

நான் தட்டித் துடைத்தது அழுக்கு இல்லை. விதைக்குப் போட்டிருந்த போர்வை. அதைப் பிடுங்கிக்கொண்டு, போர்த்திவிட்ட புகையையும் வெளியே அனுப்பிவிட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை போன் போட்டு நல்லாருக்கா என்று கேட்டிருக்கிறேன்.

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

“அம்புட்டு ஆசையாக் கட்டிக் குடுத்தீங்க. கொறை சொன்னா உங்க மொகம் வாடிப்போவுமில்லீங்களா?”

என் முகம் வாடக்கூடாது என்று அந்த மனுஷி தன் நெஞ்சைக் கொடுத்திருக்கிறார். வெட்கத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே மெதுவாகச் சொன்னார்: “வெதை இல்லாத ஊட்டுல எனக்கென்னங்க சோலி. ஆனி வெதைப்புக்குள்ள வெதை தேறலைன்னா பையங்கூடவே போயிர்றேன்.”

4. இடித்துக் கட்டியது

அன்று கரண்டியை எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். புகை எத்தனை நேரம் வேண்டும், எந்த விறகு, எந்தக் கட்டு தீக்குப் பக்கம், எது தள்ளி. அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாதது எத்தனை என்று தெரிந்தது.

மறுநாள் குழாயைப் பிரித்து இரண்டு வழியாக்கினேன். பரணின் நான்கு பக்கமும் பலகை அடித்து உள்ளும் புறமும் மண் பூசி ஒரு அறை மாதிரி மூடினேன். சுவரிலிருந்து வரும் புகை அதன் அடியில் நுழைந்து, மேலே வேறு குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போகும். இரண்டு வழிக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு. ஒரு பக்கம் திருப்பினால் புகை நேரே வெளியே, மறுபக்கம் திருப்பினால் விதையைச் சுற்றிக்கொண்டு வெளியே. பொறி பறந்து விதையில் விழுந்துவிடாமல் இருக்க, நுழைகிற இடத்தில் செங்கல் குழி வைத்து மேலே கம்பி வலை போட்டேன்.

முதல் நாள் தகட்டைத் திருப்பினதும் இழுவை செத்துப் புகை வீட்டுக்குள் கக்கியது. அக்காவை வெளியே அனுப்பிவிட்டுக் குழாயை ஒரு முழம் உயர்த்தினேன். போதவில்லை. இன்னும் ஒரு முழம். மூன்றாம் நாள்தான் காகித ஜுவாலை உள்ளே மடங்கியது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து மொச்சை பொறுக்கினோம். தண்ணீரில் போட்டு மிதந்ததை எல்லாம் தள்ளினோம். மேகம் வந்து எங்கள் மேலே கடந்து போகும், முறம் மறைந்துவிடும், கை மட்டும் தடவித் தடவி நல்ல விதையைத் தேடும். பாதிக்குக் குறைவாகத்தான் மிஞ்சியது. அதை வெயில் காட்டிப் பரணில் ஏற்றினோம். இந்தத் தடவை ஏற்றியது அவர், எடுத்துக் கொடுத்தது நான்.

5. ஒரு குறை

ஆனியில் மழை பிடித்தது. நான் போன அன்று வாசலில் ஐந்து பேர் முறத்தோடு நின்றார்கள். மொச்சையில் கரி படிந்திருந்தது, ஓட்டை இல்லை. அக்கா ஒவ்வொருவருக்கும் அளந்து போட்டார். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தும் மூச்சு வாங்கவில்லை. திருப்பூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்கு அடுப்பு கட்டப் போனாலும் டேப்பை எடுப்பதற்கு முன், இந்த வீட்டில் புகை என்னென்ன வேலை பார்க்கிறது என்று கேட்கிறேன். கட்டி முடித்த பிறகு, நல்லாருக்கா என்று கேட்பதே இல்லை.

அக்காவிடமும் அப்படித்தான். எல்லாரும் போன பிறகு, ஒரு குறையாவது சொன்னால்தான் பஸ் ஏறுவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். ஒண்ணுமில்லீங்க என்றார். விடவில்லை. சொல்லட்டுங்களா என்று இரண்டு தடவை கேட்டார்.

“அந்தச் செவுத்துல சாஞ்சா கதகதன்னு இருக்குதுங்களா, கண்ணு சொக்கிருதுங்க. நேத்தும் பாலை வெச்சுட்டுத் தூங்கிப்போயிட்டேன். பொங்கி ஊத்தி அடுப்பே அவிஞ்சுபோச்சுங்க.”

நான் கட்டிய அடுப்புகளில் அந்த ஒரு குறையை மட்டும் சரி செய்யாமல் விட்டுவிட்டேன்.