வான்கோழிக் காட்டுக்கு ஒரு பெர்மிட்

இரண்டு கிழமைக்கு முன், சனிக்கிழமை காலை, ஒக்லாந்தில் மாசி என்கிற புறநகருக்கு அப்பால் ஒரு மண்டபத்தில் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன். விசா விஷயமா? இல்லை. மோர்ட்கேஜா? அதுவும் இல்லை... வான்கோழி வேட்டை!

சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரன் ரான். பெரிய உடம்பு, சின்னக் குரல். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். பேச்சுக்குப் பேச்சு 'மேட்', அதாவது நண்பா, என்பான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சிவா, ஒருநாள் விடியக்காலை என்னோடு வா. பிடிக்காவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன்" என்றான். துவக்கு, அதுதான் துப்பாக்கி, என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் நடக்கிற சண்டை நினைவுக்கு வருகிற காலம் இது. "நான் துவக்கைத் தொட மாட்டேன்" என்றேன். "நீ தொட வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு" என்றான்.

சும்மா உட்கார்ந்தேன். அத்தோடு தொலைந்தேன்!

ரானின் பையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி. அதன் மூடியை மெல்ல உரசினால் பெட்டை வான்கோழியின் குரல் வரும். பைன் மரத்தடியில் ஈரத்தில் இருவரும் சாய்ந்திருந்தோம். இருட்டு விலகும் நேரம். ரான் உரசினான். ஒன்றுமில்லை. மறுபடி உரசினான். சரிவுக்கு அப்பாலிருந்து ஒரு சேவல் பதில் சொன்னது. பதிலா அது? ஒரு சாக்குத் தேங்காயைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம்!

பெட்டி கேட்கிறது, பறவை பதில் சொல்கிறது. ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் கிட்டத்தில். பிறகு திடீரென்று மௌனம். இதுதான் ஆளைக் கொல்லும். போய்விட்டதா? வருகிறதா? மூக்கு அரிக்கிறது — சொறிய முடியாது. கண் இமைத்தாலே கண்டுபிடித்துவிடுமாம்.

வந்தது. வாலை விரித்து, இறக்கை நிலத்தில் உரச, ஊரையே எழுதி வாங்கியவர் மாதிரி நடந்து வந்தது. தலை முதலில் நீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை. பிறகு சிவப்பு. கறுப்பு என்று நான் நினைத்திருந்த இறகெல்லாம் வெயில் பட்டதும் செம்பும் பச்சையுமாக மின்னின. அதன் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு முழக்கம்... அதைக் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது, விலா எலும்பால் கேட்டேன். நம் ஆட்கள் வான்கோழியை மயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியே கேலி செய்து பழகியவர்கள். அவர்களில் ஒருவராவது விடியற்காலையில், மூச்சை அடக்கிக்கொண்டு, இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

ரான் சுடவில்லை. பறவை போன பிறகு, "ஏன் சுடவில்லை?" என்று கேட்டேன்.

"மறந்துபோனேன், மேட்" என்றான்.

அன்று பிடித்த பைத்தியம். ரான் இன்னொரு பெட்டி வாங்கித் தந்தான். ஏவன்டேலில் எங்கள் வாடகை வீட்டுக் கராஜில் பயிற்சி. பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மனைவி குசினியில் சமைத்தபடியே, "இஞ்சாருங்கோ, அந்தக் கோழியை நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவாள். சில நாள் ரான் சுடுவான். இறைச்சி எங்கள் வீட்டிலும் கறியாகும். ஆனால் நான் போவது கறிக்காக இல்லை. அந்த மௌனத்துக்காக. அது முடிகிற கணத்துக்காக.

போன வருடம் வரை காட்டின் சொந்தக்காரரிடம் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இந்த வருடம் பெர்மிட். அதுவும் குலுக்கலில், சிலருக்கு மட்டும். பெயர் விழுந்தவர் தன்னோடு இன்னொருவரை அழைத்துப் போகலாம். ரான் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறான். இங்கே அவனுக்கு இதுதான் கடைசி சீசன். ஆகவே இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். யாருக்கு விழுந்தால் என்ன?

அந்தச் சனிக்கிழமை குலுக்கல். ரான் என் பக்கத்தில் இருக்க, மண்டபத்து மேடையில் ஒரு பெண்மணி முதல் சீட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "மிஸ்டர் பொன்னையா!" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மண்டபத்தில் இன்னொரு தமிழனா? ஒக்லாந்தில் நம்மவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் இன்னொரு வான்கோழிப் பைத்தியமா! கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். எழும்பும் ஐயா, எழும்பும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒருவரும் எழும்பவில்லை. நேரில் வராதவருக்குப் பெர்மிட் இல்லையாம். சீட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். என்ன மனிதன் இவன், வராமல் விட்டானே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ரானின் பெயர் கடைசி வரை விழவில்லை. என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "பெர்மிட் கிடைக்கேல்லை. ஆனா இஞ்ச இன்னொரு தமிழன் இருக்கிறார் தெரியுமோ! பொன்னையா எண்டு பேர். எங்கட அப்பான்ர பேர்தான்!"

மனைவி அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ... உங்கட விசாவில என்ன பேர் கிடக்குது?"

பக்கத்தில் கிடந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

ஊரில் நான் பொ. சிவநாதன். அப்பா ஒரு எழுத்தாக முன்னால் இருப்பார். இந்த நாட்டில் அவரை முழுதாக எழுதி, பின்னால் கொண்டுபோய் வைத்து, குடும்பப் பெயர் என்கிறார்கள். வங்கியில், லைசென்சில், வேட்டை விண்ணப்பத்தில் — எல்லாவற்றிலும் நானே என் கையால் எழுதிய பெயர். ஆனால் ஒருவரும் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டதில்லை. மேலதிகாரி முதல் டெய்ரி என்கிற மூலைக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் நான் சிவா. கண்ணுக்குப் பழகிய பெயர், காதுக்குப் பழகவில்லை.

மரப்பெட்டியின் பொய்க் குரலை நம்பிச் சாவை நோக்கி நடந்து வருகிற பறவையைப் பார்த்து, பாவம், மொக்குப் பறவை, புத்தியே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். மெய்யான பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டும் பிள்ளையார் மாதிரி இருந்தவன் யார்?

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் ரானைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இவ்வளவு காலம் பக்கத்து மேசை. உன் முழுப் பெயர் எனக்கும் தெரியவில்லையே, மேட்" என்றான். அந்தத் தேநீர் இடைவேளை முழுவதும் அதைச் சொல்லிப் பழகினான்.

போன சனிக்கிழமை விடியக்காலை வாசலில் ஹார்ன் சத்தம். ரான்! துவக்கு இல்லை, பெட்டி மட்டும். காட்டு வேலிக்கு வெளியே, பொது ரோட்டு ஓரத்தில் காரை நிறுத்தினான். "ரோட்டில் நிற்பதற்கு யாரிடம் பெர்மிட் கேட்க வேண்டும்?" என்று சொல்லிப் பெட்டியை என் கையில் தந்தான்.

உரசினேன். மௌனம். மறுபடி உரசினேன்.

தேங்காய்கள் உருண்டன!

கிட்டே... இன்னும் கிட்டே... வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, வாலை விரித்து, எங்களுக்காகவே வந்தது போல ஒரு சுற்றுச் சுற்றியது. நீலம், வெள்ளை, சிவப்பு. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குப் புதிதுதான். ரான் வேலிக் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றான். பறவை மரங்களுக்குள் போன பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

பிறகு, திரும்பாமலே, அந்தச் சின்னக் குரலில், "பொன்னையா..." என்றான்.

"ஓம், இருக்கிறேன்!" என்றேன், உடனே.