மிளகு மூட்டையில் போன கப்பல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் டச் போன் வாங்கியவர் சித்தப்பா. வாங்கிய நாளிலிருந்து எங்கள் மலைப் பகுதியான தேவனூர் நாட்டுக்கே தாம் ஒருவர்தான் படிப்பாளி என்பதுபோல நடந்துகொண்டார். உலகத்திலுள்ள புத்தகமெல்லாம் அதற்குள் அடக்கம் என்பார். ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. அந்தப் புத்தகங்களைப் பார்க்க, மரவள்ளிக் காட்டுக்கு மேலே உள்ள பாறையில் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரே புத்தகம். அதுவும் பள்ளிக்கூட பீரோவிலிருந்து டீச்சர் கொடுத்தது. கப்பல் உடைந்து நடுக்கடலில் தவிக்கும் மாலுமிகளின் கதை. கடலையே பார்த்திராத நான் அவர்களோடு தவித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அது திரும்பி வராவிட்டால் இனி யாருக்காகவும் பீரோவைத் திறக்கப் போவதில்லை என்று டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மழைக்காலத்தில் எங்கள் மலையில் காகிதமெல்லாம் பூசணம் பூத்துவிடும். அதனால் அம்மா முக்கியமானவற்றைக் காய்ந்த மிளகு மூட்டைக்குள் புதைத்து வைப்பார். ரேஷன் கார்டு ஒரு மூட்டையில், என் புத்தகம் இன்னொன்றில்.

சனிக்கிழமை காலை பாறையிலிருந்து சித்தப்பா ஓடிவந்தார். மிளகு விலை ஏறிவிட்டதாக போனில் பார்த்தாராம். யாரையும் கேட்காமல் ஒரு மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் போட்டு, சோளக்காடு ஊர்ச் சந்தைக் கடையில் விற்றுவிட்டு மத்தியானம் சிரித்துக்கொண்டே திரும்பினார். அம்மா பதறிப்போய் மிச்சமிருந்த மூட்டைக்குள் கையை விட்டார். ரேஷன் கார்டு கிடைத்ததும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். நான் ஊரே கூடும்படி அழுதேன்.

"ஒரு பொஸ்தகத்துக்கா இத்தனை அழுகை? போன்ல காட்டறேன் வா கண்ணு" என்றார் சித்தப்பா.

"அதெல்லாம் வேண்டாமுங்க. புள்ளையைக் கூட்டீட்டுப் போயி அந்தப் பொஸ்தகத்தையே வாங்கியாங்க" என்றார் அம்மா.

மிளகுக் கடைக்காரர் மூட்டைகளின்மேல் சாய்ந்திருந்தார். மடியில் இரண்டு போன்கள் மாறிமாறி அடித்துக்கொண்டிருந்தன. அவர் எதையும் எடுக்கவில்லை. கையில் விரித்து வைத்திருந்தது என் புத்தகம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உன்றதா சாமி? இன்னும் நாலே பக்கந்தான். கரை சேந்தாங்களான்னு பாத்துட்டுத் தாரேன்" என்றார்.

"பஸ்ஸு வந்துருமுங்க" என்று அவசரப்படுத்திய சித்தப்பா, அப்படி என்னதான் இருக்கிறதென்று எட்டிப் பார்த்தார். அப்புறம் மூட்டையில் உட்கார்ந்தார். நான் இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டேன். கடைக்காரர் தாளைத் திருப்பப்போனபோது, "இருங்க, நான் இன்னும் முடிக்கலீங்க" என்று அவர் கையைப் பிடித்தவர் சித்தப்பாதான். எங்கள் பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. போய்விட்டது. மாலுமிகள் கரை சேர்ந்தபோது மூவரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம்.

அடுத்த பஸ்ஸில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தும்மிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு என்னைவிட நிம்மதியான பிறவி மலையில் இருந்திருக்க முடியாது. திங்கட்கிழமை டீச்சரும் தும்மினார். ஆனாலும் பீரோ திறந்தது.

உலகத்துப் புத்தகமெல்லாம் சட்டைப்பையில் இருக்க, சித்தப்பா ஏன் அடுத்தவர் தோளில் சாய்ந்து பழம் புத்தகத்தைப் படித்தார்? பாவம், அங்கேயும் சிக்னல் இல்லைபோல என்றுதான் நினைத்துக்கொண்டேன். கடைக்காரரின் போன்கள் இரண்டும் பக்கத்திலேயே விடாமல் அடித்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.